வேளைக்குக் கால் கிலோ

(போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்களும் கால்நடை வளர்ப்போரும் கூடியிருந்த ஒரு மாலையில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மெலிந்த குதிரையைத் தேற்றுவது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் இங்கே ஒரு நண்பர் கேட்டார்: "ஐயா, இந்தத் தீவில குதிரையே அபூர்வம். ஆடு, மாடு, பன்றி, கோழின்னு ஏதாவது சொல்லலாமே?" நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பது வருடத் தொழிலில் எனக்குப் பாடம் சொன்ன பிராணி குதிரை. பட்டினி கிடந்த உடம்பு எப்படி மீள்கிறது, எங்கே நம் கையாலேயே அதைக் கொன்றுவிடுகிறோம் என்பதைக் குதிரையைப் போல வெளிப்படையாகக் காட்டுகிற வேறொரு உயிர் இல்லை. மாடு வைத்திருப்பவர்களும் இதைக் கேட்கலாம். கடல் நடுவில், தீவனம் கப்பலில் வந்து சேரும் ஊரில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

தமிழனுக்குக் குதிரை வந்ததே கடல் வழியாகத்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலிலிருந்து குதிரைகள் இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்துக்கு ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தன. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, வருகிற குதிரைகளில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துவிடுகின்றன, இவர்களுக்குக் குதிரை வளர்க்கத் தெரியவில்லை, வேகவைத்த இறைச்சியும் சோறும் போடுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்னதில் மிகை இருக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் கப்பலில் ஆடி, மெலிந்து, கரை இறங்கிய ஒரு மிருகத்துக்கு முதல் நாளே சத்தான சாப்பாடு என்று சோற்றை அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். நானே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. நீலகிரியில் இருந்தேன். ஊட்டியில் சீசன் முடிந்தால் சவாரிக் குதிரைகளுக்கு வேலை குறையும். வேலை குறைந்தால் தீனியும் குறையும். சில குதிரைகளை அவிழ்த்து ரோட்டில் விட்டுவிடுவார்கள். அவை மார்க்கெட் குப்பையில் கோஸ் இலை, பிளாஸ்டிக் பை, எது கிடைத்தாலும் தின்று திரியும். அப்படி ஒரு மட்டக்குதிரையைக் கொண்டுவந்தார்கள். விலா எலும்பை எட்டடி தூரத்திலிருந்து எண்ணலாம். நின்றது, நடந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தது. எனக்கு ஒரே இரக்கம். கொள்ளை வேகவைத்துத் தவிட்டோடு பிசைந்து ஒரு வாளி நிறைய வைக்கச் சொன்னேன். அது தின்ற வேகத்தைப் பார்த்துக் குதிரைக்காரர் கண் கலங்கினார். மறுநாள் இன்னொரு வாளி. மூன்றாம் நாள் கால் தள்ளாடியது, நான்காம் நாள் மூச்சு வாங்கியது, அன்று இரவே போய்விட்டது. பட்டினியில் சாகாத குதிரை என் வாளியில் செத்தது. அதற்கான காரணம் எனக்குப் புரிய இன்னும் சில வருடங்கள் ஆயின.

காரணம் இதுதான். பட்டினி கிடக்கும் உடம்பு முதலில் கொழுப்பை எரிக்கும், பிறகு தசையை எரிக்கும். அந்த நாட்களில் உயிரணுக்களுக்குள் இருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். ரத்தத்தைச் சோதித்தால் அளவு சரியாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே கஜானா காலி. இந்த நிலையில் தானியத்தைக் கொடுத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும், இன்சுலின் பாயும். இன்சுலின் சர்க்கரையை உயிரணுக்குள் தள்ளும்போது ரத்தத்தில் மிச்சமிருந்த பாஸ்பரஸையும் மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் அவை சட்டென்று விழுந்துவிடும். பாஸ்பரஸ் இல்லாமல் இதயத் தசையும் மூச்சுத் தசையும் இயங்க முடியாது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஆள் போய்விடும். "நல்லாத்தானே தின்னுச்சு" என்று வீட்டுக்காரர் சொல்வார். அது உண்மைதான். நன்றாகத் தின்றதுதான் காரணம்.

இது குதிரைக்கு மட்டும் உள்ள விதி இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் பலர் விடுதலைக்குப் பிறகு, சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தார்கள். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944-45-இல் 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு அரைப்பட்டினி போட்டு, பிறகு எப்படி ஊட்ட வேண்டும் என்று ஆராய்ந்தார். அதே ஆண்டுகளில் இந்தத் தீவு எப்படி இருந்தது என்பதை உங்கள் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியர் இறங்கினார்கள். கடைசிக் காலத்தில் கப்பல் வரவில்லை, அரிசி இல்லை. பஞ்சம் என்றால் என்ன என்று இந்த மண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். மனிதரையும் விலங்கையும் ஒப்பிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். நான் தலை வணங்கியே சொல்கிறேன். இந்த ஊரின் செல்லுலார் சிறையில் 1933 மே மாதம் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா மூன்று பேரும் அந்தப் போராட்டத்தில் உயிர் விட்டார்கள். மகாவீர் சிங்குக்கு மூக்கு வழியே குழாய் செருகிப் பாலை வலுக்கட்டாயமாக ஊற்றியபோது அது நுரையீரலுக்குள் போய்விட்டது. நாங்கள் குதிரைக்கு மூக்குக் குழாய் விடும்போது, ஒரு சொட்டு ஊற்றுவதற்கு முன் குழாய் உணவுக் குழலில் இறங்குவதைக் கழுத்தின் இடது பக்கம் கண்ணால் பார்க்க வேண்டும், மறுமுனையில் மூச்சுக் காற்று வருகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை அதைச் செய்யும்போதும் எனக்கு இந்த ஊர் ஞாபகம் வரும். உணவைக் கொண்டு உயிரை எடுக்க முடியும் என்பதை அறிந்த ஊர் இது.

சரி, குதிரைக்கு வருகிறேன்.

பிறகு பல வருடம் கழித்து இன்னொரு மட்டக்குதிரை வந்தாள். சாம்பல் நிறப் பெண் குதிரை, பன்னிரண்டு வயதிருக்கும். மல்லி என்று பெயர். இந்த முறை நான் வாளியைத் தேடவில்லை. முதலில் கையை வைத்தேன். 1983-இல் அமெரிக்காவில் ஹென்னகி என்பவரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். கழுத்து, கழுத்து முதுகோடு சேரும் மேடு, தோளுக்குப் பின்பக்கம், விலா, இடுப்பு முதுகு, வாலின் அடி என்று ஆறு இடங்களைத் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை போடுவது. 1 என்றால் எலும்பும் தோலும். 5 என்றால் விலா கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். 9 என்றால் முதுகு நடுவே வாய்க்கால் ஓடும். கையால் தொட வேண்டும் என்பது முக்கியம். ரோமம் அடர்ந்தால் கண் ஏமாறும். வயிறு புழுவால் உப்பியிருந்தால் "சதை போட்டிருக்கு" என்று தோன்றும். மல்லிக்கு 2.

எடை பார்க்கத் தராசு வேண்டாம். தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளக்கணும். தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம் அளக்கணும். எல்லாம் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். மல்லிக்குச் சுற்றளவு 130, நீளம் 120. கணக்குப் போட்டால் 171 கிலோ. 220-க்கு மேல் இருக்க வேண்டிய உடம்பு.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினி கிடந்த குதிரைகளுக்கு மூன்று வகைத் தீனி கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று ஓட்ஸ் பயிரின் காய்ந்த புல், இன்னொன்று அந்தப் புல்லோடு தானியம் கலந்த தீவனம், மூன்றாவது காய்ந்த லூசர்ன். ஜெயித்தது லூசர்ன். அதில் மாவுச்சத்து குறைவு, பாஸ்பரஸும் மெக்னீசியமும் புரதமும் உண்டு. காலியான கஜானாவை அதுவே நிரப்பும், இன்சுலினைத் துள்ளவிடாது. லூசர்னுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று விவசாயிகளைக் கேளுங்கள். குதிரை மசால். எந்தப் பிராணிக்கு எந்தத் தீனி என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறோம். நான் அந்தப் பெயரைத் தினமும் சொல்லிக்கொண்டே கொள்ளு வாளியைக் கொடுத்திருக்கிறேன்.

450 கிலோ இருக்க வேண்டிய பெரிய குதிரைக்கு டேவிஸ் கணக்கு இது: முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அரைக் கிலோ மசால். அவ்வளவுதான். நான்காம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கூட்டி, வேளைகளைக் குறைத்துக்கொண்டே போகணும். ஆறாம் நாள் வாக்கில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு கிலோ. பத்து நாள் தாண்டிய பிறகுதான் வேண்டிய மட்டும் தின்னவிடலாம். தானியம் அப்போதும் கிடையாது. மல்லி அதில் பாதி உடம்புக்காரி. அவளுக்கு வேளைக்குக் கால் கிலோ. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து காய்ந்த மசால் வந்தது.

கால் கிலோ மசால் எவ்வளவு இருக்கும் தெரியுமா? இரண்டு கை கொள்ளும் ஒரு பிடி. அதைப் போட்டுவிட்டு நகரணும். அவள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தொட்டியை நக்குவாள், தரையை மோப்பம் பிடிப்பாள், நம் சட்டையை இழுப்பாள். குதிரைக்காரர், "சார், இது பாவம் சார், பாக்க முடியல" என்றார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்புப் படித்தாள். அந்தப் பெண்ணிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்தேன். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து, நடுராத்திரி இரண்டு. ஒவ்வொரு வேளையும் எழுதணும்: எவ்வளவு போட்டது, எவ்வளவு நேரத்தில் தின்றது, எத்தனை வாளி தண்ணீர், லத்தி போட்டதா, எப்படி இருந்தது. ஊட்டியில் மார்கழி மாத நடுராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெண் கம்பளி போர்த்திக்கொண்டு கால் கிலோவைத் தராசில் நிறுத்துக் கொண்டுபோனாள். அப்பா இன்னொரு பிடி சேர்த்துவிடுவார் என்று பயந்து, மசால் மூட்டையைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பாசம் உள்ளவர்களிடமிருந்துதான் பட்டினிக் குதிரையைப் பாதுகாக்க வேண்டியிருக்கும். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கணும். உப்புக் கட்டி இருக்கணும். குளிரில் உடம்பு சூடு தக்கவைக்கவே சக்தி செலவாகும். ஆகவே அவளுக்குச் சாக்குத் துணி இரண்டை ஒட்டித் தைத்துப் போர்த்தினோம். இங்கே உங்களுக்குக் குளிர் இல்லை, மழை இருக்கிறது. வருடம் 3,000 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் மெலிந்த மிருகத்தை நனையவிட்டால் முதுகில் பொருக்குப் பொருக்காக மழைப் புண் வரும். மேலே கூரை, கீழே காய்ந்த தரை. மருந்துக்கு முன்னால் அது.

ஏன் மெலிந்தது என்று கேட்காமல் தீனி மட்டும் போட்டுக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது. மல்லியின் வாயைத் திறந்து டார்ச் அடித்தேன். குதிரைப் பல் ஆயுள் முழுக்க ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கும். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கத்தி மாதிரி கூர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது. மென்று பாதியிலேயே உருண்டையாகத் துப்பியிருக்கிறாள். தொட்டிக்குக் கீழே அந்த உருண்டைகள் கிடந்தால் பல்தான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம். பத்து நாள் கழித்து, கொஞ்சம் தெம்பு வந்த பிறகு பல் அரத்தால் ராவினேன்.

பூச்சி மருந்துக்கும் அதே பொறுமை. லத்தியைச் சோதித்துப் புழு முட்டையை எண்ணிப் பார்த்து, உடம்பு தேறத் தொடங்கிய பிறகு கொடுத்தேன். குடல் நிறையப் புழு இருக்கும் நோஞ்சான் குதிரைக்கு முதல் நாளே வீரியமான மருந்தைக் கொடுத்து ஒரேயடியாகக் கொன்றால், செத்த புழுக் கூட்டமே குடலைப் புண்ணாக்கும், சில நேரம் அடைக்கும். காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதா, காலும் அடிவயிறும் வீங்குகிறதா என்றும் பார்க்கணும். அப்படி இருந்தால் சர்ரா. ஈ கடித்துப் பரவும் ரத்த நோய். எவ்வளவு மசால் போட்டாலும் சர்ரா தின்றுவிடும்.

இனி இந்தத் தீவுக்கு. குதிரை மசாலுக்கு இந்த ஈரமும் புளிப்பு மண்ணும் ஒத்துவராது. கப்பலில் வரவழைத்தாலும் பூசணம் பிடிக்காமல் வந்து சேருவது பாடு. அதனால் எல்லோரும் கை நீட்டுவது கம்பு நேப்பியர் புல்லுக்கு. மாட்டுக்கு அருமையான புல். குதிரைக்கு அதையே முழுத் தீனியாக மாதக் கணக்கில் போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், முகத்து எலும்பு உப்பி மெத்தென்று ஆகும். தவிடு அதிகம் போட்டாலும் இதே வினை. தவிட்டில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் குறைவு. நேப்பியரும் தவிடும் சேர்ந்தால் இரட்டை அடி. வேலியோரம் தழைத்து நிற்கும் சவுண்டல் மரத்துத் தழையை ஆட்டுக்குப் போடுவீர்கள். குதிரைக்கு அதிகம் போனால் பிடரி மயிரும் வால் மயிரும் கொத்துக் கொத்தாக உதிரும். மைமோசின் என்கிற நஞ்சு அது. அருகம்புல் நம்பகமானது. பிள்ளையாருக்குப் போடுகிற அதே புல். வெப்ப நாடுகளில் குதிரைக்கு அதைப் போல ஒத்துப்போகிற புல் குறைவு. வெயில் அடிக்கும் இரண்டு நாளில் அறுத்து, உலர்த்தி, மண்ணில் படாமல் பரணில் வையுங்கள். மசால் இல்லாத குறைக்குத் தாது உப்புக் கலவை எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெரிய சொத்து உங்களிடம் இருக்கிறது. தேங்காய்ப் பிண்ணாக்கு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். குதிரை மருத்துவம் இத்தனை காலம் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்திருக்கிறது: மெலிந்த குதிரைக்குச் சதை ஏற்ற, மாவுச்சத்தைவிட எண்ணெய்ச் சத்து பாதுகாப்பானது. முதல் பத்து நாளில் அல்ல, குடல் பழகிய பிறகு. உங்களுக்கு எள்ளு இல்லாவிட்டால் தேங்காய் இருக்கிறது. பிண்ணாக்கில் மாவுச்சத்து குறைவு, எண்ணெய் கொஞ்சம் தங்கியிருக்கும், நாரும் உண்டு. தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டணும். முகர்ந்து பாருங்கள். காறல் வாடையோ பூசண வாடையோ இருந்தால் மாட்டுக்கும் வேண்டாம், உரக்குழியில் போடுங்கள்.

தானியத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குதிரையின் இரைப்பை சின்னது, வாந்தி எடுக்க அதனால் முடியாது. புல் புளித்துச் செரிப்பது பின்னால் உள்ள பெருங்குடலில். தானியம் மிஞ்சி அங்கே போய்ச் சேர்ந்தால் அமிலம் ஊறும். வயிற்று நோவு வரும். குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாமல் போகும். தேறிக்கொண்டிருந்த குதிரை நொண்டியாகும்.

பத்து நாளுக்கு ஒரு முறை மல்லியை டேப் போட்டு அளந்தோம். முதல் இரண்டு வாரம் எடையில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் தெரிந்தது. தலை கொஞ்சம் நிமிர்ந்தது, காது நம் பக்கம் திரும்பியது. ஒன்றரை மாதத்தில் வாலின் அடியில் இருந்த குழி மேடாகத் தொடங்கியது. முழுக்கத் தேற மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும் என்று டேவிஸ்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மல்லிக்கு நாலரை மாதம் ஆனது. கடைசி அளவில் சுற்றளவு 147, நீளம் 122. 222 கிலோ.

சதை வந்துவிட்டால் வலு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். கொழுப்பு சீக்கிரம் ஏறும். தசை வேலை கொடுத்தால்தான் ஏறும். தசைநாரும் எலும்பும் இன்னும் மெதுவாக, மாதக் கணக்கில் இறுகும். ஆறாவது வாரத்தில் அவளைக் கயிற்றில் பிடித்துச் சமதரையில் பத்து நிமிடம் நடக்கவைத்தோம். அடுத்த வாரம் பதினைந்து நிமிடம். பிறகு அரை மணி. மூன்றாம் மாதம் லேசான ஏற்றம். ஏற்றத்தில் நடப்பது பின்பக்கத் தசைக்கும் முதுகுக்கும் நல்லது, ஓட்டத்தைவிட மூட்டுக்குப் பாதுகாப்பு. வேலைக்கு முன் நாடி பார்க்கணும். தாடைக்கு அடியில் விரல் வைத்தால் கிடைக்கும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44. நடந்து வந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் 60-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்றைக்கு அதிகம் ஆகிவிட்டது, நாளைக்குக் குறைக்கணும்.

இங்கே இந்தப் புழுக்கத்தில் இது இன்னும் கடுமை. வியர்வை வரும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, உப்பை மட்டும் கொண்டுபோகும். ஈரமான வெப்ப ஊர்களுக்கு வந்த குதிரைகளில் சில நாளடைவில் வியர்க்கும் திறனையே இழந்துவிடுவதை வெள்ளைக்காரர் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். நடை விடியற்காலையில்தான். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்றணும்.

சவாரி பற்றி ஒரே ஒரு எண். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 222 கிலோ மல்லி தேறிய பிறகும் 44 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. மலைவாசஸ்தலங்களில் எண்பது கிலோ ஆளை ஏற்றிக்கொண்டு நடக்கிற மட்டக்குதிரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படம் எடுத்திருப்பீர்கள். இனி ஏறாதீர்கள். உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்.

குதிரை ஏன் மெலிகிறது என்பதற்குப் பல்லும் புழுவும் ஒரு பாதிதான். மறுபாதி, வேலை நின்றதும் தீனி நின்றுவிடுவது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவில் போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வம்சம் இன்றும் கட்டற்றுத் திரிகிறது. லாயத்தின் இடிந்த தூண்கள் இருக்கின்றன. கோடை வறண்டால் தண்ணீர் கிடைக்காமல் அவை செத்து விழுகின்றன. உங்கள் தீவிலேயே, நடு அந்தமானுக்கு மேற்கே இன்டர்வியூ தீவில் என்ன நடந்தது? மரம் வெட்டிய கம்பெனி 1962-இல் நொடித்துப்போனது. மரம் இழுத்த யானைகள் சுமார் நாற்பதை அங்கேயே விட்டுவிட்டார்கள். அவை மூங்கிலையும் பிரம்பையும் தாழையையும் தின்று உயிர் பிழைத்தன. காடு மெலிந்தது. பசி எங்காவது ஓரிடத்தில் இறங்கித்தானே ஆகும். இதற்கு மாறாக ஹேவ்லாக் தீவில் ராஜன் என்ற யானை இருந்தான். 2002-இல் உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பின் மரம் வெட்டும் வேலை பெருமளவு நின்றது. ஆனாலும் அவனுக்குத் தீனி போட ஆள் இருந்தது, கடலில் குளிக்க நேரம் இருந்தது. 2016-இல் வயதாகித்தான் இறந்தான். நீலகிரியில் மாவனல்லாவில் ஐபான் என்கிற அமைப்பு, கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் வருடக் கணக்கில் வைத்துப் பார்க்கிறது. நாள் கணக்கில் அல்ல, வருடக் கணக்கில் என்பதைக் கவனியுங்கள். ரோட்டில் நிற்கும் எலும்புக் குதிரைக்கு ஒரு பை கேரட்டைக் கொட்டிவிட்டுப் போகிறவரின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குதிரைக்கு வேண்டியது அடுத்த நடுராத்திரி இரண்டு மணிக்கும் வரக்கூடிய ஒருவர். அவரால் முடியாது என்றால், முடிகிறவரிடம் அதைக் கொண்டுசேர்ப்பதுதான் அவர் செய்யக்கூடிய உபகாரம்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகளுக்கு முன் ஒன்று. மல்லி தேறிய பிறகு அந்த நோட்டை நான் கேட்டேன். மூன்று பக்கம் முழுக்க ஒரே மாதிரி வரிகள்: ராத்திரி 2 மணி, கால் கிலோ, நாலு நிமிஷம், லத்தி போட்டாள். பதினோராவது நாளில் எழுத்து பெரிதாகி, "இன்னைக்கு மிச்சம் வெச்சா" என்று ஒரு வரி. தொட்டியில் புல் மிச்சம் இருந்ததை அவள் அன்றுதான் முதல் முறை பார்த்திருக்கிறாள். என் மாணவர்களுக்குக் காட்ட அதைத் தருவாயா என்றேன். அந்தப் பெண் யோசித்தாள்.

"இல்ல சார். அடுத்த குதிரை வந்தா வேணும்" என்றாள்.